பின்னால் 'ஊய்' என்ற சத்தமா? காசு கொடுக்கமுன் காது கொடுங்கள்

ஏப்ரலில் ஸ்னோ ரயரைக் கழற்றி மாற்றின கையோடு ஸ்காபரோவில் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். குளிர்காலம் முழுக்க "அது ரயர்ச் சத்தம்" என்று விட்டிருந்த 'ஊய்' என்ற இழுவைச் சத்தம், ரயர் மாற்றின பிறகும் போகவில்லை. 401இல் ஏறி வேகம் எடுத்ததும் பின்சீற்றுக்குக் கீழே இருந்து வருகிறது. ரேடியோவைக் கூட்டினால் கேட்காது. ஆனால் இருக்கும்.

அடுத்து நடப்பதும் தெரிந்த கதைதான். யாரோ சொன்ன கறாச்சுக்குக் கொண்டு போவோம். "அண்ணை, பின்னுக்கு டிபரன்சியல் போட்டுது, மாத்த வேணும்" என்பார்கள். "எவ்வளவு முடியும்?" என்று கேட்போம். வாயால் ஒரு தொகை வரும். காசாகத் தந்தால் வரி இல்லை என்பார்கள். தலையாட்டிவிட்டு வருவோம். இரண்டு கிழமை கழித்து அதே சத்தம் திரும்பவும் கேட்டால், காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்காது.

டிபரன்சியல் மாற்றுவது சின்னச் செலவு அல்ல. அதனால்தான் சொல்கிறேன்: சத்தம் எப்போது கேட்கிறது என்பதை நாங்கள் கவனித்துச் சொல்ல வேண்டும். எது பழுது என்பதை மெக்கானிக் காட்ட வேண்டும். விலை எழுத்தில் வர வேண்டும்.

முதல் கேள்வி, உங்கள் காரில் பின் டிபரன்சியல் இருக்கிறதா? முன்சில்லு மட்டும் இழுக்கிற கொரோலா, சிவிக் போன்றவற்றில் பின்னால் அது இல்லை. அப்படியான காருக்குப் பின் டிபரன்சியல் மாற்றச் சொன்னால் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பிக்கப், பெரிய கார்கோ வான், நாலு சில்லும் இழுக்கிற எஸ்யூவி என்பவற்றில் பொதுவாக இருக்கும். முன்னாலிருந்து நீளமாக வரும் தண்டின் சுழற்சியை 90 பாகை திருப்பி இரண்டு பின்சில்லுகளுக்கும் கொடுப்பது அதன் வேலை. வளைவில் வெளிச்சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும் என்பதால், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவதும் அதுதான்.

உள்ளே ஒரு சின்னப் பினியன், அது சுற்றுகிற பெரிய கிரவுண் வீல், இவற்றைத் தாங்கும் பெயாரிங்குகள். பல வாகனங்களில் இந்தப் பற்கள் உருளுவதோடு வழுக்கியும் ஓடும். அதனால்தான் கந்தக மணம் வீசும் தடித்த கியர் ஒயில் தேவைப்படுகிறது. ஒயில் குறைந்தாலோ, பெயாரிங் தேய்ந்து பற்கள் பொருந்தும் இடம் மயிரிழை விலகினாலோ சத்தம் தொடங்கும். எங்கள் தெருக்களில் கொட்டும் உப்பும் சும்மா இருப்பதில்லை. டிபரன்சியல் மூடியைத் துருப்பிடிக்க வைத்து ஒயில் கசிய விடும்.

சத்தத்தைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட, மற்றவர் பின்சீற்றில் இருந்து கேட்க வேண்டும். சனநடமாட்டம் குறைந்த தெருவாகப் பாருங்கள்.

காரை நிறுத்தி, பார்க்கில் போட்டு எஞ்சினை உறுமவிடுங்கள். அப்போதும் அதே சத்தம் என்றால் விசயம் முன்னால் இருக்கிறது, பின்னால் அல்ல. தெருவில் போகும்போது புதிதாகத் தார் போட்ட இடத்தில் குறைந்து, கரடான இடத்தில் கூடினால் ரயர்தான் முதல் சந்தேகம். காஸ் மிதிக்கும்போது கூடி, காலை எடுத்ததும் அடங்கினால், அல்லது காலை எடுத்ததும் தொடங்கினால், கிரவுண் வீல், பினியன் பக்கம் பார்க்க வேண்டும். ரயர்ச் சத்தம் உங்கள் காலைக் கவனிப்பதில்லை, டிபரன்சியல் கவனிக்கும்.

காலை வைத்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி உறுமி, வளைவில் மட்டும் மாறினால் அது சில்லுப் பெயாரிங்காக இருக்கலாம். இடப்பக்கம் வளையும்போது கூடினால் பெரும்பாலும் வலப்பக்கச் சில்லு, ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. சில்லுப் பெயாரிங் மாற்றும் செலவு டிபரன்சியல் செலவுக்குக் கிட்டவும் வராது.

பழைய ஹொண்டா சிஆர்வி நாலுசில்லு வாகனங்களில் இன்னொன்று உண்டு. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது பின்னால் முனகும். ஹொண்டாவின் அதற்கான ஒயிலை மாற்றினாலே பல நேரம் அடங்கிவிடும். அதைக் கேட்டுவிட்டு முழு டிபரன்சியலையும் கழற்றுவது தலையிடிக்குத் தலையைச் சீவுகிற வேலை.

எங்கள் ஆட்களுக்கு இது புதிய வித்தை இல்லை. 90களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. அவை எல்லாம் பின்சில்லு இழுக்கிற கார்கள். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் "மாத்திப் பாப்பம்" என்று சொல்ல முடியாது. கழற்றமுன் பழுது எங்கே என்று தெரிய வேண்டும். இங்கே பாகத்துக்குப் பஞ்சமில்லை. தவறாக மாற்றினாலும் காசு கொடுப்பது வாடிக்கையாளர்தான்.

கறாச்சில் "டிபரன்சியல்" என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். "80இல் தொடங்குது, காஸ் விட்டா நிக்குது" என்று சொல்லுங்கள். உங்களோடு வந்து ஒரு தடவை ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயிலை வடித்துக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் கொஞ்சம் ஒட்டியிருப்பது வழமை. கையில் தட்டுப்படும் இரும்புத் துகள், உடைந்த பல் என்றால் பயப்படத்தான் வேண்டும். அப்போது தள்ளிப்போடவும் கூடாது. பினியன் பெயாரிங் முற்றாக உடைந்தால் பின்சில்லு ஓட்டத்திலேயே இறுகலாம். 401இல் அது நடக்கக் கூடாது.

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த விசயத்தில் நல்ல பலமானது. வேலை தொடங்கமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் மறுத்தால், ஆகக்கூடிய தொகை ஒன்றுக்கு உங்கள் சம்மதம் வேண்டும். மதிப்பீட்டைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி அறவிட முடியாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர முன்வர வேண்டும். போட்ட புதுப் பாகத்துக்கும் செய்த வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. வேலை செய்பவரிடம் 310எஸ் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதும் மரியாதைக் குறைவு இல்லை. இந்த மாகாணத்தில் அது கட்டாயம்.

துண்டு இல்லாமல் காசு கொடுத்து வரியை மிச்சம் பிடித்தால், இந்த உத்தரவாதத்தைக் கேட்கும்போது எதைக் காட்டுவீர்கள்? "எங்கட ஆள், எப்படிக் கடதாசி கேக்கிறது" என்ற கூச்சம் எனக்கும் விளங்கும். நேர்மையாக வேலை செய்கிற தமிழ் மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிறகு ஒருவர் வந்து "நீ அப்பிடிச் சொல்லேல்லை" என்று சண்டை பிடித்தால், அந்தக் கடதாசி அவர்களையும்தான் காக்கும்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அப்பா "பின்னுக்கு ஏதோ கத்துது" என்றால் ரேடியோவைக் கூட்டாதீர்கள். நீங்கள் ஓடுங்கள், அவர் பின்சீற்றில் இருந்து கேட்கட்டும். எந்த வேகம், கால் எங்கே, எந்த வளைவு என்று ஃபோனில் குறியுங்கள். கறாச்சுக்கும் கூடப் போங்கள். மதிப்பீட்டில் அவர் கையெழுத்து வைக்கமுன் ஒருக்கால் வாசித்துத் தமிழில் சொல்லுங்கள்.