பொருள் அறிந்து பெயர் வைப்போம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஷிப்ட் முடிந்த கையோடு நம்மைப் பார்க்க வந்தார். பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள். ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிந்தாயிற்று. பெயர் மட்டும் இன்னும் எழுதவில்லை.

"ஏண்ணா, புள்ளைக்கு எஸ்தர்னு பேரு வெச்சா, நாளைக்கு சாதி சர்டிபிகேட் வாங்கறப்ப பிரச்னை வருமாண்ணா?" என்று கேட்டார்.

அவர் இந்து ஆதிதிராவிடர். மனைவி சில காலமாக ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார், ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எஸ்தர் என்ற பெயர் மனைவியின் ஆசை. "பள்ளிக்கூடத்துல ஒரு பேரு, வீட்ல ஒரு பேருன்னு வெச்சிடலாமான்னும் யோசிக்கிறோம்" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "எங்க தாத்தா பேரு மண்ணாங்கட்டிண்ணா. அது மாதிரி இல்லாம, நல்ல அர்த்தத்தோட ஒரு பேரு வேணும்."

அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குவோம்.

யார் வைத்த பெயர்?

பிராமணனின் பெயர் மங்கலமாகவும், சத்திரியனின் பெயர் வலிமையாகவும், வைசியனின் பெயர் செல்வத்தைக் குறிப்பதாகவும், சூத்திரனின் பெயர் இழிவாகவும் இருக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம். சூத்திரனுக்கே இது என்றால், வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்கள் எல்லாமே ஆண்டைகள் வைத்தவை என்று சொல்லிவிட முடியாது. முதல் குழந்தைகள் தக்காமல் போன வீட்டில், கண்ணேறு படாமல் இருக்க அப்படிப் பெயரிடும் வழக்கம் பல சாதிகளிலும் உண்டு. ஆனால் மற்ற வீடுகளில் அது நேர்ந்துகொண்ட பெயர். சேரியில் அதுவே நிலைத்த பெயர். நல்ல பெயர் வைத்தாலும் ஊரில் அதைச் சொல்லி அழைக்க மாட்டார்கள். மாணிக்கம் "மாணி" ஆவார். முனுசாமி "முனுசு" ஆவார். பெயரில் இருந்த மரியாதையை வெட்டிவிட்டு மீதியைக் கூப்பிடுவார்கள்.

திருவள்ளூரிலும் பக்கத்து ஈக்காட்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்லியன் மிஷன் பாதிரியார் வில்லியம் கௌடி பணியாற்றினார். அவர் பெயரில் திருவள்ளூரில் இன்றும் பள்ளி இருக்கிறது. அன்று இந்தப் பகுதி முழுவதும் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து 1891-இல் ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892-இன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. நிலம், பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு அந்தக் காலத்தில் சேரிக்குள் வந்த இன்னொன்று, ஆண்டையின் வாயிலிருந்து வராத பெயர். யாக்கோபு, மார்த்தாள், தானியேல் என்று சபைப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்களை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

மார்த்தாள் என்றால் அரமேய மொழியில் எஜமானி, வீட்டுத் தலைவி என்று பொருள். பிறர் வயலில் நடவு நட்ட பெண்ணுக்கு அந்தப் பெயர். வைத்தவர்களுக்குப் பொருள் தெரிந்ததோ இல்லையோ, பெயர் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

தமிழில் பிறந்த வேதாகமப் பெயர்கள்

வேதாகமப் பெயர் என்றால் வெள்ளைக்காரப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஏற்பாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் எபிரேயம். புதிய ஏற்பாட்டில் கிரேக்கமும் அரமேயமும் கலந்து வரும். இவற்றுக்கும் ஆங்கிலத்துக்கும் பிறப்பில் தொடர்பு இல்லை.

நம் முன்னோர் இவற்றை அப்படியே வாங்கிக்கொள்ளவும் இல்லை. யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் அருளினார் என்று பொருள். கத்தோலிக்கத் தமிழர் அவரை அருளப்பர் என்றார்கள். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர். அவர் சின்னப்பர் ஆனார். லாசர் என்பது எலெயாசார் என்ற எபிரேயப் பெயரின் குறுக்கம். கடவுள் உதவினார் என்று பொருள். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றபோது அதையே மொழிபெயர்த்துத் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவர்தான் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். போர்ச்சுகீசியரின் ஜோசே நம் வாயில் சூசை ஆனது. பழவேற்காடு தொடங்கிக் கடற்கரை நெடுக சூசைகளைப் பார்க்கலாம்.

தலித் வரலாற்றிலும் இப்படிப்பட்ட பெயர்கள் உண்டு. அயோத்திதாசரோடு சேர்ந்து இயங்கிய ஜான் ரத்தினத்தின் பெயரில் பாதி எபிரேயம், பாதி நம் ஊர்ப் பெயர். 1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனின் பெயரும் அப்படித்தான். இம்மானுவேல் என்றால் கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று பொருள். அந்தப் பொருளை மத்தேயு நற்செய்தி முதல் அதிகாரத்திலேயே விளக்கிவிடுகிறது.

எல்லாப் பெயரும் விடுதலைப் பெயர் அல்ல

வேதாகமத்தில் இருப்பதாலேயே ஒரு பெயர் உயர்ந்தது ஆகிவிடாது. பாபிலோன் அரண்மனைக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட அனனியா, மீஷாவேல், அசரியா ஆகிய மூவரின் பெயர்களையும் அரண்மனை அதிகாரி மாற்றினார். கர்த்தர் உதவினார் என்று பொருள்படும் அசரியா, ஆபேத்நேகோ ஆனார். பாபிலோன் தெய்வத்தின் அடிமை என்று பொருள். ஆளுகிறவன் முதலில் பெயரைத்தான் பிடுங்குவான் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதத்தில் ஒநேசிமு என்ற அடிமை வருகிறார். ஒநேசிமு என்றால் கிரேக்கத்தில் பயனுள்ளவன். அடிமைகளுக்கு வழக்கமாக வைக்கப்பட்ட பெயர் அது. இனி அவரை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் கேட்கிறார். அந்தப் பெயருக்கு மதிப்பு தந்தது இந்தக் கோரிக்கைதான்.

ஆகவே பொருளை மட்டும் பார்க்காமல், அந்தப் பெயருக்குரியவரின் கதையையும் படித்துப் பாருங்கள். தெபோராள் என்றால் தேனீ. அவர் இஸ்ரவேலுக்கு நியாயம் விசாரித்த பெண். பிலிப்பு என்றால் குதிரைகளை நேசிப்பவர். ஸ்தேவான் என்றால் கிரீடம். யூதா என்றால் துதி, நல்ல பொருள்தான். ஆனாலும் யூதாஸ் என்று நாம் யாரும் வைப்பதில்லை.

செல்போனில் வரும் பெயர்ப் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். ஓசைக்காகக் கோத்த பெயர்களுக்கெல்லாம் கடவுளின் பரிசு என்று பொருள் போட்டுவிடுகிறார்கள். உண்மையிலேயே அந்தப் பொருள் உள்ள பெயர்கள் நாத்தான்வேல், யோனத்தான், தொரொத்தி போன்றவை. வேத அகராதி வைத்திருக்கும் ஆயரையோ ஆசிரியரையோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சூசையின் வழக்கு

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார்கள் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில், ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவர் ஆனோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவர்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி 1985-இல் அவர் மனு தள்ளுபடியானது. சூசை, அதாவது யோசேப்பு என்ற பெயருக்குக் கடவுள் இன்னும் கூட்டித் தருவார் என்று பொருள். அந்தப் பெயர்க்காரரைப் பட்டியலில் கூட்டிக்கொள்ள முடியவில்லை. ஆதாரம் கேட்டால் எதைக் காட்டுவது? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைக் காட்டலாம்.

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இதை ஆராய ஒன்றிய அரசு 2022-இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.

இந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது, ஆணை மதத்தைப் பற்றிப் பேசுகிறது. பெயரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கிறிஸ்தவரை மணந்த, மருத்துவமனைச் சுவரில் சிலுவை மாட்டியிருந்த இந்து தலித் மருத்துவர் ஒருவரின் சாதிச் சான்றிதழை அதிகாரிகள் ரத்து செய்தார்கள். அவை மட்டும் மதமாற்றத்துக்குச் சான்று ஆகாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. அதே நேரம், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராகவே வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். பெயர் குற்றம் அல்ல. ஆனால் மதம் மாறுவதாக முடிவு செய்தால் இன்றைய சட்டப்படி என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆவணம். பதிவேட்டில் ஏறிவிட்ட பெயரை நினைத்தபோது மாற்ற முடியாது.

எழுத்திலும் கவனம் தேவை. ஏசுதாஸ், யேசுதாஸ், ஜேசுதாஸ் மூன்றும் நமக்கு ஒன்றுதான்; கணினிக்கு மூன்று ஆட்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப். கணக்கில் வேறு மாதிரியும் இருந்தால், ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தை எடுக்க அலைய வேண்டும். இது சிப்காட் தொழிலாளிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, எல்லா ஆவணங்களிலும் அதையே எழுதுங்கள்.

எஸ்தரின் இரண்டு பெயர்

அந்த இளைஞருக்கு எஸ்தரின் கதையைச் சொன்னோம். எஸ்தருக்கும் இரண்டு பெயர். எபிரேயப் பெயர் அத்சாள்; நறுமணமுள்ள ஒரு செடியின் பெயர் அது. எஸ்தர் என்பதை நட்சத்திரம் என்னும் பாரசீகச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் பலர். வளர்த்த மொர்தெகாய் சொன்னபடி, தான் எந்த மக்களைச் சேர்ந்தவள் என்பதை அரண்மனையில் அவள் வெளியே சொல்லவில்லை. ஆனால் அந்த மக்களையே அழிக்க ஆணை பிறந்தபோது, மறைத்ததை ராஜாவின் முன் சொன்னாள். அவள் வாய் திறந்ததால் ஒரு சனம் பிழைத்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஒரே பேரா வெச்சிடறேண்ணா. ஸ்கூல்லயும் அதான், வீட்லயும் அதான்" என்றார்.

எஸ்தர் என்று எப்படி எழுதுவது என்று கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அதை நான்காக மடித்து, தொழிற்சாலை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனார்.