எஞ்சினின் இரத்த அழுத்தம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல் மாணவன்)

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் முன்னோர் வாக்கு. இக்காலத் தேர்களாகிய மோட்டார் வண்டிகளுக்கு அச்சு மட்டும் போதாது. அச்சுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலமும் வேண்டும். அந்த எண்ணெயின் அழுத்தத்தைப் பற்றியதே இக்கட்டுரை. இப்பாடத்தின் கேள்வி எனக்குக் கிடைத்தது வகுப்பறையில் அன்று. எங்கள் வீட்டு வாசலில்.

என் தந்தையார் ஒரு பழைய டீசல் வேனின் சொந்தக்காரர், ஓட்டுநரும் அவரே. விடியுமுன் கொக்கிலமேடு, தேவனேரி குப்பங்களில் மீன் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குக் கொண்டுவருவார். 2023 ஆம் ஆண்டு, நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, கடைவீதி நெரிசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. வண்டி வேகம் எடுத்தால் அணைந்துவிடும். "அண்ணே, ஆயில் தண்ணியாப் போச்சு. கொஞ்சம் கெட்டியா ஊத்திட்டா சரியாப் போயிடும்" என்றார் மெக்கானிக். அப்படியே செய்தார்கள். விளக்கும் அணைந்தது. ஆனால் மூன்றே மாதத்தில், யாரோ உள்ளிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் எஞ்சினில் ஓசை எழுந்தது. கிராங்கு பேரிங்குகள் தேய்ந்துபோயிருந்தன. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அன்று இரவு அப்பா என்னிடம் கேட்டார்: "விளக்குதான் அணைஞ்சிடுச்சேடா, அப்புறம் ஏன் எஞ்சின் போச்சு?" எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் நான். என்னிடம் விடை இல்லை. இவ்வாண்டு நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், நுண்குழாய் வழியே நீரைச் சொட்டவிட்டுப் பாகியல் எண்ணைக் கணக்கிட்ட நாளில்தான் அந்த விடை எனக்குக் கிடைத்தது.

அந்தச் சோதனைக்கு அடிப்படையான விதியைத் தந்த பாய்ஸொய், பிரான்சு நாட்டு மருத்துவர். நுண்ணிய குழாய்களில் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று அறியவே 1840 ஆம் ஆண்டை ஒட்டி அவர் ஆராய்ந்தார். இரத்தத்துக்குச் சொன்னது எஞ்சின் எண்ணெய்க்கும் பொருந்துகிறது.

அழுத்தம் எங்கே பிறக்கிறது?

ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் பம்ப் செய்வது எண்ணெயைத் தள்ளுவது ஒன்றே. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் பேரிங்குகளின் குறுகிய இடைவெளி வழியே வெளியேறித் திரும்பவும் சம்ப்பில் விழுகிறது. வெளியேறத் தடை இருப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. கிணற்று மோட்டார் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்தால் நீர் சீறுவதை நாம் கண்டதில்லையா? அதுபோலத்தான்.

எனவே அழுத்தத்தை மூன்று தீர்மானிக்கின்றன: எஞ்சினின் வேகம், எண்ணெயின் பாகுநிலை, பேரிங்கின் இடைவெளி. வண்டி நின்று எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பம்ப் தள்ளும் எண்ணெய் குறைவு; அழுத்தமும் குறைவு. வேகம் கூடி அழுத்தம் மிஞ்சினால், ரிலீப் வால்வு திறந்து மிகுதியைச் சம்ப்புக்கே அனுப்பிவிடும்.

பாகுநிலை வெப்பத்தால் வெகுவாக மாறுவது. மார்கழியில் உறையும் தேங்காய் எண்ணெய் அடுப்பருகே நீராய் ஓடுவதை நம் வீடுகளில் பார்க்கிறோம். டீசல் வண்டிகளில் பரவலாக ஊற்றப்படும் 15 டபிள்யூ 40 எண்ணெயின் பாகுநிலை, 40 டிகிரி செல்சியசில் இருப்பதில் ஏறத்தாழ 7 இல் 1 பங்காக 100 டிகிரியில் குறைந்துவிடும். இங்கே 40 என்பது எஞ்சின் சூடான நிலையின் தரம்: 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. டபிள்யூ என்பது குளிர் நிலையின் குறி.

இடைவெளியின் விளைவோ இன்னும் பெரிது. தட்டையான இடுக்கு வழியே பாயும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இடைவெளி இருமடங்கானால் எண்ணெய் 8 மடங்கு ஓடிவிடும்!

வடிகட்டி செய்யும் வேலை

பம்புக்கும் பேரிங்குகளுக்கும் நடுவில் காவல் நிற்பது ஆயில் பில்டர். அதன் மடிப்புத் தாள், தூசையும் இரும்புத் துகளையும் பிடித்துக்கொள்கிறது. நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அப்போது எண்ணெய் நின்றுவிடாதிருக்க ஒரு மாற்றுவழி வால்வு உண்டு. பில்டரின் இரு பக்க அழுத்த வேறுபாடு சுமார் ஒரு வளிமண்டல அளவை எட்டினால் அது திறக்கும். அழுக்கு எண்ணெயானாலும் வறண்ட பேரிங்கைவிட மேல் என்பதே இதன் நியாயம். அழுத்தம் குறையாததால் விளக்கும் எரியாது. ஆனால் வடிகட்டாத எண்ணெய் நேரே பேரிங்குக்குப் போகும்.

எங்கள் வண்டியில் நடந்தது இதுவே. செலவுக்கு அஞ்சி, எண்ணெயை மட்டும் மாற்றிப் பழைய பில்டரையே விட்டுவைத்தோம். அது அடைத்தது, வால்வு திறந்தது, துகள்கள் பேரிங்கை அரித்தன, இடைவெளி பெருகியது, அழுத்தம் இறங்கி விளக்கு எரிந்தது. கெட்டி எண்ணெய் ஊற்றியதும் தடை கூடி அழுத்தம் ஏறிற்று. ஆனால் அடைத்த பில்டரில் கெட்டி எண்ணெய் இன்னும் தயங்குமாதலால் வால்வு மேலும் அதிகமாகத் திறந்திருந்திருக்கும். விளக்கு அணைந்தது, நோய் அணையவில்லை. இரத்த அழுத்தத்தின் எண் மாறியதால் மட்டும் நோய் தீர்ந்தது என்று எந்த மருத்துவராவது சொல்வாரா?

அழுத்தம் மட்டுமே பேரிங்கைக் காப்பதும் இல்லை. 1883 இல் பீச்சம்ப் டவர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கை ஆராய்ந்தபோது, எண்ணெய்த் துளைக்கு அடைத்த மரக்கட்டையை எண்ணெயே வெளியே தள்ளிவிட்டது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்துச் சென்று, தன்னைத் தூக்கிப் பிடிக்கும் அழுத்தத்தைப் படலத்துக்குள் உண்டாக்குகிறது என்று 1886 இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் விளக்கினார். பம்ப் செய்யவேண்டியது அந்தப் படலத்துக்கு ஓயாமல் தூய எண்ணெயை ஊட்டுவதே.

ஆகவே நண்பர்களே, சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி, குச்சியை எடுத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். அளவு சரியாயிருந்தும் விளக்கு எரிந்தால், தனி மீட்டர் பொருத்தி உண்மை அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பில்டரையும் மாற்றுங்கள். தயாரிப்பாளர் சொன்ன தரத்தை விட்டு, காரணம் அறியாமல் கெட்டி எண்ணெய்க்குத் தாவாதீர்கள்.

சென்ற மாதம் இவற்றையெல்லாம் ஒரு தாளில் படம் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு பில்டர் காசுல முடிஞ்சிருக்கும், இல்லையா?" என்றார். நான் தலையசைத்தேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் விடியலில் கொக்கிலமேட்டில் மற்ற ஓட்டுநர்களுக்கு அதைக் காட்டியதாக அம்மா சொன்னார். நான் பெற்ற மதிப்பெண்கள் எவையும் எனக்கு அத்தனை மகிழ்ச்சி தந்ததில்லை.