இரண்டு பேர், ஒரே நேரம்

கிரிக்கெட், கபடி பற்றி நம்ம சுவரிதழில் நிறைய எழுதியாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் புதுசு. ஹைராக்ஸ் என்று ஒரு போட்டி இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பெரிய ஹாலுக்குள்ளே நடக்கும் ஓட்டம் இது. 1 கி.மீ. ஓட வேண்டும், உடனே ஒரு பயிற்சி செய்ய வேண்டும். மறுபடி 1 கி.மீ., மறுபடி வேறு பயிற்சி. இப்படி எட்டு தடவை. முதல் போட்டி 2018-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்தது. ஆரம்பித்தவர்களில் ஒருவரான மோரிட்ஸ் ஃபுயர்ஸ்டே யார் தெரியுமா? 2008, 2012 ஒலிம்பிக்கில் ஹாக்கி தங்கம் வாங்கிய ஜெர்மனி அணிக்காரர்! இந்தியாவுக்கு 2025-ல்தான் வந்தது. மே மாதம் மும்பையில், ஜூலையில் டெல்லியில்.

மும்பையில் என் பெரியம்மா பையனும் அவர் நண்பரும் ஜோடிப் பிரிவில் ஓடினார்கள். இரண்டு பேரும் நெமிலிச்சேரிதான், ஒண்ணாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்ச். ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது பேச்சே இல்லையாம். "அவன் பாட்டுக்கு முன்னாடி ஓடிட்டான்" என்று இவர். "நீ ஏன்டா நடந்தே?" என்று அவர். ஒரு மாதம் கழித்துத்தான் சமாதானம். அடுத்த போட்டிக்கு இப்போது மறுபடி பயிற்சி நடக்கிறது. ஸ்டாப்வாட்ச் பிடிப்பது என் வேலை. அங்கே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஜோடிப் பிரிவின் விதி இதுதான். எட்டு கிலோமீட்டரையும் இரண்டு பேரும் சேர்ந்தே ஓட வேண்டும். பயிற்சியை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருவர் செய்யும்போது மற்றவர் சும்மா நிற்கலாம். யார் எவ்வளவு என்பது அவர்கள் இஷ்டம்.

இதைக் கேட்டதும் எல்லாரும் "அப்போ பாதி பாதி" என்றுதான் சொல்வார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் ஓட்டத்தைப் பாருங்கள். மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி ஓட்டத்துக்கே போய்விடுகிறது. சேர்ந்து ஓடணும் என்பதால், மெதுவாக ஓடுபவரின் வேகம்தான் ஜோடியின் வேகம். எங்கள் அண்ணன் ஒல்லி, நல்லா ஓடுவார். நண்பர் அண்ணனோ கனமான உடம்பு, பலசாலி, ஓட்டம் சுமார். அதனால் அண்ணன் இன்னும் வேகமாகி ஒரு பிரயோஜனமும் கிடையாது. நண்பரின் கால்களைக் காப்பாற்றினால்தான் நேரம் குறையும். இப்போது ஓடும்போது நண்பர் முன்னால், அண்ணன் ஒரு அடி பின்னால். வெளிவட்டச் சாலைப் பக்கம் லாரி ஓயாது, அதனால் மைதானத்திலேயே சுற்றுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்து மணிக்கு, பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். மூச்சு வாங்கி நண்பரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இன்னொரு நாள், உட்கார்ந்து எழுகிற பயிற்சியைச் செய்த கையோடு ஓடுவார்கள். தொடை கல்லு மாதிரி இருக்கும்போது ஓடிப் பழக வேண்டுமே!

அடுத்து பங்கு போடுவது. நெஞ்சு தரையில் படப் படுத்து எழுந்து தவளை மாதிரித் தாவுவது 80 மீட்டர். 20 கிலோ மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, முட்டி தரையைத் தொட 100 மீட்டர் நடப்பது இன்னொன்று. இரண்டும் காலைக் கொல்லும் வேலை. முக்கால் பங்கு அண்ணனுக்கு. ஆனால் ஸ்லெட் என்கிற சக்கரம் இல்லாத இரும்பு வண்டி வேறு கதை. ஆண்களுக்கு வண்டியோடு சேர்த்து 152 கிலோ, 50 மீட்டர் தள்ளணும். உராய்வைப் பற்றி இயற்பியலில் படித்தோமே, அதை நேரிலேயே பார்க்கலாம். நின்றுபோன வண்டியைக் கிளப்புவதுதான் கஷ்டம், நகர்ந்துவிட்டால் கொஞ்சம் சுலபம். அதனால் உடம்பை நன்றாகச் சாய்த்து, சின்னச் சின்ன அடியாக, நிறுத்தாமல் தள்ளணும். இது நண்பர் அண்ணனின் ராஜ்யம். அண்ணன் ஒல்லி உடம்பை வைத்து அதில் ஒன்றும் பண்ண முடியாது (நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்).

சரி, எத்தனை எத்தனையாக மாற்றிக்கொள்வது? எங்களுக்கு நிறையப் பலன் கொடுத்தது இதுதான். கடைசிப் பயிற்சியில் 6 கிலோ பந்தோடு உட்கார்ந்து எழுந்து, 3 மீட்டர் உயரத்துக்கு நூறு தடவை எறிய வேண்டும். ஓட்டை பேஸ்கட்பாலில் மணல் அடைத்து, பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்து, 6 கிலோ ஆக்கினோம். 25, 25 ஆக மாற்றியபோது 6 நிமிடம் 10 விநாடி. இரண்டு நாள் கழித்து 10, 10 ஆக மாற்றியபோது 5 நிமிடம் 5 விநாடி. அதே ஆட்கள், அதே பந்து! காரணம் நம் தசையில் இருக்கிறது. கடும் வேலைக்கு உடனடியாகக் கிடைக்கும் சக்தி கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருளிலிருந்து வருகிறது. அது ஏறக்குறைய பத்து விநாடிக்குத்தான் தாங்கும். அரை நிமிடம் ஓய்வு கொடுத்தால் ஏறக்குறைய பாதி திரும்ப ஊறிவிடும். 25 வரை இழுத்தால் கடைசிப் பத்தும் ஆமை வேகம்தான். களைத்த பிறகு மாற்றுவது லேட். களைப்பதற்கு முன்னால் மாற்றணும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு கிடையாது. துடுப்புப் போடும் மெஷினில் காலைப் பட்டையால் இறுக்கணும். ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் பத்து விநாடிக்கு மேல் போய்விடும் என்றார் அண்ணன். அதனால் 1000 மீட்டரில் ஒரே ஒரு மாற்றம். நின்றுகொண்டே இழுக்கிற பனிச்சறுக்கு மெஷினில் பட்டை கிடையாது, அங்கே நாலைந்து தடவை மாறலாம். கைமாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பங்கு போட வேண்டும்.

ஜிம்முக்குக் காசு கட்டித்தான் பழகணும் என்றில்லை. இரண்டு கையிலும் 24 கிலோ தூக்கிக்கொண்டு 200 மீட்டர் நடக்கும் பயிற்சிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளியே போதும். முக்கால் வாளி மணல் சரியாக இருக்கிறது. கைப்பிடிக் கம்பியில் துணி சுற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கை கிழியும்.

ஒன்றை மறந்துவிட்டேனே! ஓட்டம் முடிந்து பயிற்சி இடத்துக்குப் போகும் நடைக்கும் கடிகாரம் ஓடுகிறது. மும்பையில் "யார் முதல்ல?" என்று ஒவ்வொரு தடவையும் அங்கேதான் விவாதமாம். இப்போது அண்ணன் எட்டுப் பயிற்சிக்கும் யார் ஆரம்பம், எத்தனையில் மாற்றம் என்று முழங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். வியர்வையில் அழிவதால் போன ஞாயிறு மார்க்கர் வாங்கினோம்.