இதயக் கலத்துள் சோடியம்: காந்தப் பரிவு காட்டும் கணக்கு

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்குவோர் உதட்டிற் படியும் உப்பை நன்கறிவர். அவ்வுப்பின் ஒரு கூறாகிய சோடியம் நம் குருதியிலும் உண்டு. குருதி நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 140 மில்லிமூல் சோடியம் இருக்க, இதயத் தசைக் கலத்துள் அதில் பத்திலொரு பங்களவே காணப்படும். இந்த வேற்றுமை நீங்கின் இதயத் துடிப்பும் நிலைகுலையும்.

இவ்வேற்றுமையைக் காப்பது கலமென்சவ்வில் உள்ள ஒரு பம்பி. 1957 இல் டென்மார்க்கு நாட்டு ஸ்கௌ இதனைக் கண்டறிந்தார். 1997 இல் நோபல் பரிசும் பெற்றார். இப்பம்பி ஒவ்வொரு முறையும் மூன்று சோடிய அயன்களை வெளியேற்றி, இரண்டு பொற்றாசிய அயன்களை உட்கொள்கிறது. பம்பி தடைப்பட்டால் சோடியம் கலத்துள் பெருகும். அதனால் கல்சியமும் வெளியேறாது தங்கிவிடும். துடிப்பின் ஒழுங்கு கெடும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. கோயிற் பூசைக்கு மலர் தரும் மஞ்சள் அலரியின் விதையிலுள்ள நஞ்சு இப்பம்பியையே தடுக்கிறது. வட இலங்கையில் அது பல உயிர்களைக் கவர்ந்தது. அந்நஞ்சால் இதயத் துடிப்புக் குழம்பிய 66 நோயாளரிடம், அதனைப் பற்றி அகற்றும் பிறபொருளெதிரித் துண்டங்கள் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் ஆராயப்பட்டன. அவை துடிப்பைச் சீராக்க உதவியமை 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆயின், உயிருள்ள கலத்துள் சோடியத்தை அளப்பது எவ்வாறு? கலத்தை உடைத்து அளந்தால் உயிர் போய்விடும். நுண்மின்வாயைச் செலுத்தினாலோ ஓரிரு கலங்களே அகப்படும். இவ்விடத்தே காந்தப் பரிவு துணைசெய்கிறது. 1946 இல் புளொக்கு, பேர்செல் ஆகியோர் தனித்தனியே கண்ட இம்முறைக்கு 1952 இல் நோபல் பரிசு கிடைத்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூரியன் 1951 இலேயே ஓடும் திரவங்களில் இதனை ஆராய்ந்தமை நினைவுகூரத்தக்கது. காந்தப் புலத்தில் அணுக்கரு பம்பரம்போற் சுழன்றாடும். அதற்குரிய மீடிறனில் வானொலி அலை பட்டதும் பரிவுற்று விடைதரும். ஒரு தெசுலாப் புலத்தில் ஐதரசனின் மீடிறன் 42.6 மெகாஹேட்சு, சோடியத்தினது 11.3.

எனினும் ஓர் இடர் உண்டு. கலத்தின் உள்ளிருக்கும் சோடியமும் வெளியிருக்கும் சோடியமும் ஒரே குரலில் விடைதரும். ஒரே சீருடை அணிந்த மாணவரில் மண்டபத்துக்கு வெளியே நிற்போரை எவ்வாறு பிரித்தறிவது? அவர்களுக்கு மட்டும் ஒரு நிறநாடா கட்டிவிடலாமன்றோ? 1982 இல் குப்தா இருவர் இத்தகைய வழியையே கையாண்டனர். டிசுப்புரோசியம் சேர்ந்த ஒரு பொசுபேற்றுச் சேர்வை மென்சவ்வைக் கடந்து உட்செல்லாது. அது வெளிச் சோடியத்தின் மீடிறனை மட்டும் விலக்கும். ஒன்றாய் நின்ற உச்சம் இரண்டாய்ப் பிரியும். உள்ளுச்சத்தின் பரப்பே உள்ளிருக்கும் அளவைக் காட்டும்.

1985 அளவில் துடிக்கும் எலி இதயத்திலும் இம்முறை பயன்பட்டது. குருதியோட்டம் தடைப்படுகையில் உட்சோடியம் உயர்வதை இதயம் அழியாமலே கணந்தோறும் காண முடிந்தது. மாரடைப்பில் நேரும் கேட்டை விளங்க இவ்வறிவு இன்றியமையாதது.

குறைகளும் உள. உட்சோடியத்தின் ஒரு பகுதி கருவிக்குப் புலப்படாது மறையலாம். அச்சேர்வை கல்சியத்தைப் பற்றுவதால் நோயாளருக்கு ஊட்டத் தகாது. ஆகவே மனித இதயத்தில் எடுக்கும் சோடியப் படங்கள் பெரும்பாலும் இழையத்தின் மொத்தச் சோடியத்தையே காட்டுகின்றன. உள்ளதையும் வெளியதையும் தீங்கின்றிப் பிரித்தறியும் வழி இன்னும் செம்மைப்பட வேண்டியுள்ளது. பௌதிகமும் வைத்தியமும் கைகோக்கும் இத்துறையில் நம் மாணவர்க்கும் இடமுண்டு.