இணையத்தில் நமது ஊர்ச் சரக்கு

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடப்போர் பால்கோவா வாங்காமற் செல்வது அரிது. ஆனால், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு அதனை வாங்க விரும்புபவர், கைப்பேசியில் இரண்டு மூன்று சொற்களை இட்டுத் தேடுகின்றார். அப்பொழுது முதலில் வந்து நிற்பது பால் ஊற்றும் நம்மவர் சங்கத்தின் பக்கமா, எங்கோ இருந்து விற்கும் இடைத்தரகரின் பக்கமா என்பதைப் பொறுத்தே லாபம் யாருக்கு என்பது அமைகிறது. 2019-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரைப் பிறர் பொய்யாக உபயோகிப்பதைத் தடுக்க அது சட்டத்தின் துணையை நல்குகிறது. வாங்குவோரை நம்மிடம் அழைத்து வரும் வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

கூகிள் போன்ற தேடுபொறிகள் இணையப் பக்கங்களை முன்னதாகவே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று பெரியதோர் அடைவு தயாரித்து வைத்திருக்கின்றன. தேடுபவர் இடும் சொல்லுக்குத் திறவுச்சொல் என்று பெயர். அச்சொல் நமது பக்கத்தில் உரிய இடத்தில் இல்லையாயின், சரக்கு எவ்வளவு உயர்ந்ததாயினும் அது கண்ணிற்படுவது கடினம்.

இங்கே விற்பவரின் சொல் வேறு, வாங்குபவரின் சொல் வேறு என்பதை உணர வேண்டும். ராஜபாளையத்துத் தோட்டக்காரர் ‘சப்பட்டை’ என்றால் உள்ளூரார் அறிவர். வெளியூரார் ‘ராஜபாளையம் மாம்பழம்’ என்றே தேடுவர். ஆகவே இரண்டு பெயர்களையும் எழுதுவதே முறை. வெறுமனே ‘ராஜபாளையம்’ என்பதும் போதாது. அப்பெயரில் உலகறிந்த நாயினம் ஒன்று உண்டு. 2005-இல் அதற்கு அஞ்சல் தலையே வெளியிடப்பட்டது. மாம்பழம் விற்பவர் அந்த நாயோடு போட்டியிட்டு வெல்வது எளிதன்று! சத்திரப்பட்டி நெசவாளரும் ‘எமது தயாரிப்புகள்’ என்று பொதுப்பட எழுதாமல், ‘பேண்டேஜ் துணி’ என்றே எழுத வேண்டும். மருத்துவமனைக்குத் துணி வாங்குபவர் தேடும் சொல் அதுவே.

சொல்லை எங்கே வைப்பது? பக்கத்தின் தலைப்பே முதலிடம். நம் கிராமப் பக்கங்கள் பலவற்றில் தலைப்பாக ‘நல்வரவு’ என்றே காணப்படுகிறது. பண்பு நல்லதுதான், ஆயினும் நல்வரவைத் தேடி எவரும் வருவதில்லை. ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா – விலையும் அஞ்சலில் பெறும் முறையும்’ என்றிருப்பின் பயனுண்டு. நீண்ட தலைப்பின் கடைசிப் பகுதி தேடல் முடிவுகளில் வெட்டுப்படுமாதலால், முக்கியச் சொல் முன்னே நிற்க வேண்டும். அடுத்து, முதற் பத்தியிலும், உட்தலைப்பு ஒன்றிலும், பக்கத்தின் முகவரியிலும், படத்துக்கு எழுதும் விளக்கத்திலும் அச்சொல் இயல்பாக வரட்டும். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரைப் பலர் பலவிதமாக எழுதுவர். வழக்கிலுள்ள ஓரிரு வடிவங்களை ஓரிடத்திற் குறிப்பிடுவது நலம்.

விலைப்பட்டியலைப் புகைப்படமாக மட்டும் ஏற்றுவது பரவலான வழக்கம். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி முழுமையாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க இயலாது. ஆகவே அதே விவரத்தை எழுத்தாகவும் இட வேண்டும். இதனினும் பெரிய இடையூறு, ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்கள். அவற்றில் அடித்தது நமக்குத் தமிழாகத் தோன்றினும், தேடுபொறிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே. தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்ட யூனிகோடு முறையிலேயே எழுத வேண்டும்.

ஒரே சொல்லை ஐம்பது முறை அடுக்குவோரும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் அதனை மறைத்து வைப்போரும் உளர். கூகிள் இதனை ஏமாற்றாகவே கொண்டு, அப்பக்கத்தைக் கீழே தள்ளும். சில வேளை அடியோடு நீக்கும். பக்கத்தின் உள்ளே மறைவாகத் திறவுச்சொற்களைப் பட்டியலிடும் பழைய முறையைத் தரவரிசைக்குக் கருதுவதில்லை என்று 2009-லேயே அது அறிவித்துவிட்டது. ஆயினும் அதற்கெனக் கட்டணம் கேட்போர் இன்னும் இருக்கலாம். அங்கத்தினர்கள் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

எந்தச் சொற்களை இட்டுத் தேடியவர்க்கு நமது பக்கம் காட்டப்பட்டது என்பதைக் கூகிளின் ‘சர்ச் கன்சோல்’ என்னும் சாதனம் இலவசமாகவே தெரிவிக்கிறது. சங்கத்தில் கணினி அறிந்த ஒருவர் மாதம் ஒருமுறை அதனைப் பார்த்துத் தலைப்பையும் முதற் பத்தியையும் திருத்தி வரலாம். திருத்தத்தின் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.