கால் நகர ஒரு கோடு

பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்கு, நடந்துகொண்டிருக்கும்போதே கால் நின்றுவிடுகிறது. நிலைப்படியைத் தாண்டும்போது, திரும்பும்போது, லிஃப்ட் கதவு திறந்து உள்ளே போக வேண்டிய நேரத்தில். பாதத்தைப் பசை போட்டுத் தரையில் ஒட்டிவிட்டதுபோல் இருக்கிறது என்பார்கள். உடம்பு முன்னே சாயும், கால் வராது, விழுவது அப்போதுதான். "சீக்கிரம் வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் மோசம்.

இதே மனிதர் மாடிப்படி ஏறிவிடுவார். நெதர்லாந்து மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட ஒரு காணொளி நரம்பியல் வட்டாரத்தில் பிரபலம். நாலு எட்டு வைக்க முடியாமல் திணறும் ஒருவர், சைக்கிளில் ஏற்றிவிட்டதும் ஜோராக ஓட்டிக்கொண்டு போகிறார்.

காலில் தெம்பில்லாமல் இல்லை. யோசிக்காமலே எட்டு எடுத்துவைக்கும் வேலையை மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்கள் பார்த்துக்கொள்கின்றன. இந்த நோயில் டோப்பமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் அந்த வேலை தடுமாறுகிறது. ஆனால் கண்ணால் ஒன்றைக் குறிவைத்துக் கால் வைக்கும்போது மூளை வேறு பாதையைப் பயன்படுத்துகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இதற்கான தடயத்தை லண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967-ல் வெளிவந்த தன் நூலிலேயே பதிவு செய்துவிட்டார். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் நடக்கிறார்கள். நடக்கும் திசையில் நீளவாக்கில் போட்டால் பிரயோஜனமில்லை. 1999-ல் பிரான்சின் ஆய்வாளர் அசுலேயின் குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கின் கீழ் நடக்கவிட்டபோது, கோடுகளால் கிடைத்த பலன் காணாமல் போனது. கோடு தெரிந்தால் மட்டும் போதாது, நடக்க நடக்க அது நம்மை நோக்கி நகர்ந்து வருவதும் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக் கூடத்தில் டேப் ஒட்டிக்கொள்ளலாம். கடைத்தெருவில்? கோட்டைக் கூடவே எடுத்துப்போகும் யோசனை அங்கே பிறந்தது. இந்த நோய்க்கு ஆளான அமெரிக்கப் பாத மருத்துவர் டாம் ரீஸ், 1990-களில் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகத்துடன் சேர்ந்து, கண்முன்னே போலிக் கோடுகளைக் காட்டும் கண்ணாடிகளைச் சோதித்துப் பார்த்தார். லேசர் கோடு விழும் கைத்தடிகளும் வந்தன.

என் ஓட்டு நெதர்லாந்தின் லேசர் காலணிக்கு. காலணியின் முன்நுனியில் சின்ன லேசர். இடது கால் தரையில் ஊன்றியதும், அதிலிருந்து கிளம்பும் கோடு வலது காலுக்கு முன்னால் விழுகிறது. வலது காலைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தால், அந்த அழுத்தத்தில் வலது லேசர் எரிந்து, இடது காலுக்கு முன்னால் கோடு போடுகிறது. நடையின் தாளத்தை நடப்பவரே வைத்துக்கொள்கிறார், கருவி அவரை விரட்டுவதில்லை. கையும் ஓய்வாக இருக்கும். ட்வென்டே பல்கலைக்கழகமும் ராட்பவுட் மருத்துவ மையமும் 2017 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுக்காத நேரத்தில் கால் நின்றுபோகும் தடவைகள் 46 சதவீதம் குறைந்தன. நின்றுபோகும் நேரமும் ஏறக்குறைய பாதியானது. மருந்தின் பலன் இருக்கும்போது ஆதாயம் குறைவு. ஆய்வுக்கூடத்துத் தரையில் எடுத்த கணக்கு இது என்பதையும் மறக்கக் கூடாது. உச்சிவெயிலில் லேசர் கோடு மங்கிவிடும்.

பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. பி.எஸ்.பி. என்று டாக்டர்கள் சொல்லும் வகையில் கண்களைக் கீழே தாழ்த்துவதே சிரமம். அந்த நோயாளிகளுக்குத் தரைக்கோடு போட்டு என்ன செய்ய? எதிரே பார்த்தபடியே கோடு தெரியும் கண்ணாடிதான் அவர்களுக்குப் பொருந்தும் வழியாகத் தோன்றுகிறது.

லேசர் காலணிக்கு விலை விசாரிக்கும் முன் ஒரு டேப் சுருள் வாங்குங்கள். வெளிர் நிறத் தரை என்றால் கறுப்பு டேப். கால் வழக்கமாக நின்றுபோகும் இடத்தில், ஓர் எட்டு இடைவெளிவிட்டு நாலைந்து குறுக்குப் பட்டைகள். ஓரம் தூக்கிக்கொள்ளாமல் அழுத்தி ஒட்டுங்கள், அதுவே தடுக்கிவிடும். பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளட்டும். பிசியோதெரபிஸ்ட் என்றால் நல்லது. எல்லோருக்கும் கோடு கைகொடுப்பதில்லை. டேப்புக்கு அசையாத கால், லேசருக்கு மட்டும் அசையும் என்று நம்பிக் காசைக் கொட்ட நான் சொல்லமாட்டேன்.