கண்ணாடி வீட்டில் குடித்தனம்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டில் குடியிருந்து பார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை என்றே நினைக்கிறோம். வீடு என்றால் எப்படி இருக்கும் என்பது அந்த நாளில் கட்டுகிறவனுக்கும் தெரியும், குடியேறுகிறவனுக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன் உலகில் யாருமே குடியிருந்து பழகாத மாதிரியில் ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் ஒரு மனுஷியைக் குடியேற்றினால் என்ன ஆகும்? பிற்காலத்தில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் யாருடைய வீட்டைத் திரும்பக் கொண்டுவருவார்கள்? வரைந்தவருடைய வீட்டையா, வசித்தவருடைய வீட்டையா? அமெரிக்காவில் உள்ள ஒரு வீட்டின் சரித்திரம் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. அதைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

சிக்காகோ நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 55 மைல் தூரத்தில் பிளேனோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே, பாக்ஸ் நதியின் கரையில், மரங்களுக்கு நடுவே அந்த வீடு நிற்கிறது. நிற்கிறது என்பதை விட மிதக்கிறது என்று சொல்வதே பொருந்தும். வெள்ளை வர்ணம் பூசிய எட்டு எஃகுத் தூண்கள், அவை தாங்கும் இரண்டு தளங்கள். ஒன்று தரை, மற்றொன்று கூரை. இரண்டுக்கும் நடுவே நாற்புறமும் கண்ணாடி. அவ்வளவுதான் வீடு. நீளம் சுமார் 77 அடி, அகலம் 28 அடி. தரை பூமியைத் தொடவில்லை. ஐந்தடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. உள்ளே அறை என்று பிரித்த சுவர் ஒன்றும் கிடையாது. நடுவில் மரப் பலகையால் அடைத்த ஒரு பெரிய பெட்டிக்குள் இரண்டு குளியலறைகள் அடங்கிவிட்டன. பெட்டியின் ஒரு பக்கத்தில் சமையல் மேடை, மறுபக்கத்தில் குளிர்காய்வதற்கான கணப்பு. மற்றதெல்லாம் ஒரே கூடம். எங்கே கட்டிலைப் போடுகிறோமோ அது படுக்கையறை. எங்கே மேஜையைப் போடுகிறோமோ அது போஜன அறை.

இதை வரைந்தவர் மீஸ் வான் டெர் ரோ என்னும் ஜெர்மானியர். ஜெர்மனியில் புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியின் கடைசித் தலைவராக இருந்து, ஹிட்லருடைய ஆட்சியில் தொழில் நடத்த வழியில்லாமல் 1938-ல் சிக்காகோவுக்கு வந்து சேர்ந்தவர். கட்டச் சொன்னவர் டாக்டர் ஈடித் பார்ன்ஸ்வர்த். சிறுநீரக வியாதிகளை ஆராய்ந்தவர். இளமையில் இத்தாலியில் வயலின் பயின்றவர். விவாகம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்தவர். ஆஸ்பத்திரி வேலையின் அலுப்பைத் தீர்த்துக்கொள்ள வாரக் கடைசியில் போய்த் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று விரும்பினார். 1945-ல் ஒரு விருந்தில் இருவரும் சந்தித்தார்கள். அந்தச் சிநேகத்தைப் பற்றி ஊர் வாய் பலவிதமாகப் பேசியிருக்கிறது. அந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நதிக்கரையில் இருவரும் சேர்ந்து உலாவினார்கள், சேர்ந்து யோசித்தார்கள் என்பது போதும். 1947-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் வீட்டின் மாதிரி உருவம் வைக்கப்பட்டது. அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே வீடு பிரசித்தி அடைந்துவிட்டது என்று அர்த்தம். இது வீட்டுக்காரருக்கு நல்ல சகுனம் அல்ல என்பது நம்முடைய அபிப்பிராயம்.

1949-ல் ஆரம்பித்த வேலை 1951-ல் முடிந்தது. வேலைப்பாட்டில் குற்றம் சொல்ல இடமில்லை. தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஒட்டு வேலை கண்ணுக்குத் தெரியாமல் தேய்த்து, மெழுகி, வர்ணம் பூசியிருக்கிறார்கள். கூரை எதன் மேல் இருக்கிறது என்று பார்க்கிறவர் திகைக்க வேண்டியதுதான். முன்புறத்துத் திறந்த மேடையில் டிராவர்டைன் என்ற வெளிர்நிறக் கல் பாவியிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுப்பது நாம் அறிந்த வழக்கம். அங்கே அப்படி இல்லை. தளம் முழுமட்டமாகவே இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கின் வழியே நீர் இறங்கி, கீழே பரப்பியிருக்கும் சரளைக் கற்களில் வடிந்து, மறைவாகப் போய்விடுகிறது. கண்ணுக்கு அழகு கெடக்கூடாது என்பதற்காகத் தண்ணீருக்கு இவ்வளவு உபசாரம்!

குடியிருக்கப் போகிறவருக்கு நடந்த உபசாரத்தையும் பார்ப்போம்.

வீட்டில் திறக்கக்கூடியவை வாசற்கதவும், அதற்கு எதிர்க் கோடியில் தரையோடு ஒட்டிய இரண்டு சிறு ஜன்னல்களும் மட்டுமே. மற்றக் கண்ணாடிகள் அசையா. கோடையில் வெயில் கண்ணாடி வழியே உள்ளே புகுந்துவிடும். புகுந்த சூடு வெளியே போக வழி தெரியாமல் தங்கிவிடும். தெற்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மேப்பிள் மரந்தான் கொஞ்சம் நிழல் கொடுத்துக் காப்பாற்றியது. குளிர்காலத்தில் அந்தப் பிரதேசத்தில் தண்ணீர் உறைந்து கட்டியாகிவிடும். தரைக்கு அடியில் குழாய்களை ஓடவிட்டுச் சூடுபடுத்த ஏற்பாடு இருந்தும், ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிந்து வழிந்துகொண்டே இருக்கும். இரவில் விளக்கைப் போட்டால் வீடு முழுவதும் ஒரு பெரிய லாந்தராகிவிடும். நதிக்கரைக் கொசுக்களுக்கும் பூச்சிகளுக்கும் அது அழைப்புக் கடிதம்.

துணிமணிகள் வைக்க அலமாரிக்கு இடம் வரையப்படவில்லை. அந்த அம்மாள் வற்புறுத்திய பிறகு தேக்கு மரத்தில் ஒரு தனி அலமாரி செய்து, கூடத்தில் நிறுத்தினார்கள். சமையல் தொட்டியின் கீழே குப்பைக் கூடையை வைத்தால், சாலையில் போகிறவர்களுக்குக் கூட அது தெரிகிறது என்று அவரே ஒரு பத்திரிகை நிருபரிடம் குறைப்பட்டுக்கொண்டார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் குறைவில்லை. தனியாக இருக்கும் ஒரு ஸ்திரீ, நாற்புறமும் கண்ணாடி, வெளியே அறியாத முகங்கள். எத்தனை உயர்ந்த கலையானாலும் இந்த நிலைமையில் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

அவர் சும்மா இருக்கவில்லை. மறைப்புத் திரைகளைத் தொங்கவிட்டார். முன் தாழ்வாரத்தைச் சுற்றிலும் வெண்கலக் கம்பி வலை போட்டு அடைத்தார். அந்த வலையைத் திட்டம் செய்து கொடுத்தவரே மீஸின் அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. தமக்குப் பிடித்த மேஜை நாற்காலிகளை வாங்கிப் போட்டுக்கொண்டார். மீஸ் செய்த நாற்காலிகள் அல்ல. வெறுங் கண்ணாடிப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வீடாயிற்று.

இதற்குள் சிநேகம் முறிந்துவிட்டது. ஆரம்பத்தில் பேசிய தொகைக்கு வெகுவாக மிஞ்சி, செலவு சுமார் 74,000 டாலர் வரையில் ஏறிவிட்டது. பணம் பாக்கி என்று மீஸ் 1951-ல் பிராது கொடுத்தார். எதிர்ப் பிராது ஒன்றை டாக்டரும் கொடுத்தார். 1952-ல் விசாரணை நடந்தது. கலையின் தத்துவத்தில் தொடங்கி, கூரை ஒழுகுவதில் முடிந்த விசாரணை அது. தீர்ப்பு மீஸுக்குச் சாதகமாகப் போய், பின்னர் ராஜியில் முடிந்தது. 1953-ல் அமெரிக்கக் குடும்பப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியை, இத்தகைய வீடுகள் அமெரிக்க வாழ்க்கைக்கே அபாயம் என்று கட்டுரை எழுதினார். வீட்டில் காற்று வரவில்லை என்ற புகார் தேசத்துக்கு ஆபத்து என்ற அளவுக்குப் போய்விட்டது! வாதத்தில் மிகைப்பாடு இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சத்தத்தில் கொசுவைப் பற்றிய நியாயமான புகாரும் அடிபட்டுப் போயிற்று. டாக்டர் பார்ன்ஸ்வர்த்துக்கு ரசனை போதாது என்று பெரிய கலைஞர்கள் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். ரசனையற்ற ஒருவர் இப்படி ஒரு வீட்டைக் கட்டச் சொல்லியிருப்பாரா என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நதியும் சும்மா இருக்கவில்லை. அக்கம் பக்கத்தில் விசாரித்து, வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலாகத்தான் தரையை உயர்த்தியிருந்தார்கள். ஆனால் வீடு முடிந்த மூன்றாம் ஆண்டிலேயே, 1954-ல், வெள்ளம் அந்த உயரத்தையும் தாண்டி உள்ளே புகுந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு அவர் வீட்டை விட்டு ஓடிவிட்டார் என்று நேயர்கள் எண்ணக்கூடும். இல்லை. சுமார் இருபது ஆண்டுகள் அதை வைத்திருந்து, வந்து தங்கிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் அவரைக் கிளப்பியது கண்ணாடியும் அல்ல, வெள்ளமும் அல்ல. நதியின் மேல் புதிய பாலமும் சாலையும் போடுவதற்காக அவருடைய நிலத்தில் ஒரு பகுதியை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். வழக்காடித் தோற்றார். தேடி வந்த அமைதி போய்விட்டது. வீட்டை 1972-ல் விற்றுவிட்டு இத்தாலிக்குப் போய், இத்தாலியக் கவிதைகளை மொழிபெயர்ப்பதில் காலம் கழித்து, 1977-ல் காலமானார்.

வாங்கியவர் பீட்டர் பலம்போ என்ற ஆங்கிலேயச் செல்வர். பிற்காலத்தில் பிரபுப் பட்டம் பெற்றவர். லண்டன் நகரின் மத்தியில் மீஸைக் கொண்டு ஒரு கோபுரக் கட்டிடம் எழுப்ப ஆசைப்பட்டவர். 1985-ல் சர்க்கார் அனுமதி மறுத்ததால் அந்தக் கோபுரம் எழும்பவேயில்லை. இந்த வீட்டைப் புதுப்பிக்க அவர் அமர்த்தியது மீஸின் பேரரான டிர்க் லோஹன் என்பவரை. கம்பி வலை போயிற்று. டாக்டருடைய சாமான்கள் போய், மீஸ் செய்த நாற்காலிகள் வந்தன. கூரையும் வர்ணமும் புதிதாயின. தோட்டக் கலையில் பேர்பெற்ற லானிங் ரோப்பர் மரங்களை நட்டார். வீடு 1947-ல் காட்சிசாலையில் வைத்த மாதிரியைப் போல ஆகிவிட்டது. கூடவே குளிர்சாதன யந்திரமும் வைக்கப்பட்டது! மீஸ் வரையாத கம்பி வலை ஆகாது. மீஸ் வரையாத குளிர்சாதனம் ஆகும். மறைவாக வைக்கலாம் என்பதுதான் வித்தியாசம்.

பலம்போவைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. அவர் வருஷத்தில் சில காலம் குடும்பத்துடன் வந்து, மெய்யாகவே சந்தோஷமாக அங்கே வாழ்ந்தார். இலை உதிர்வதையும், பனி பெய்வதையும், புயல் வருவதையும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே பார்ப்பதில் உள்ள ஆனந்தத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதை நாம் நம்புகிறோம். வேறு பல வீடுகள் உள்ளவருக்கு இந்த வீட்டில் ஒரு நாள் வியர்த்தால் அது அனுபவம். தம் பணத்தையெல்லாம் போட்டுக் கட்டியவருக்கு அது கஷ்டம். அவரும் சோதனைக்குத் தப்பவில்லை. 1996 ஜூலையில் அருகிலுள்ள அரோரா நகரில் ஒரே நாளில் சுமார் 17 அங்குல மழை கொட்டியது. மேற்புறத்தில் ஊர்கள் பெருகி, மழைநீரைக் குடிக்க வேண்டிய மண்ணெல்லாம் சாலையும் கூரையுமாகிவிட்டதால், நதியின் வேகம் முன்னைவிட அதிகம். வீட்டுக்குள் ஆள் மார்பளவு தண்ணீர் புகுந்தது. கண்ணாடி உடைந்தது, சாமான்கள் அடித்துக்கொண்டு போயின, நடுவிலிருந்த மரப்பெட்டி பாழாயிற்று. மறுபடியும் லோஹன் வந்தார். மரவேலை முழுவதையும் புதிதாகச் செய்தார்கள்.

2003-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. வாங்குகிறவர் அதைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்ற பயம் எழுந்தது. எஃகும் கண்ணாடியுமான வீட்டுக்கு அது சாத்தியமே. சரித்திரச் சின்னங்களைக் காக்கும் தேசீய அறநிலையமும் இல்லினாய் மாகாணத்துச் சங்கம் ஒன்றும் நன்கொடை திரட்டி, 75 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பொதுஜனங்கள் பார்க்க அனுமதிக்கப்படுகிறார்கள். 2008-ல் மீண்டும் வெள்ளம். இந்தத் தடவை ஊழியர்கள் சாமான்களைத் தூக்கி உயரத்தில் வைத்துக் காத்தார்கள். தூக்க முடியாத அளவு பெரிதாயிருந்த ஒரு பொருள் நனைந்து கெட்டது. அதுதான் அந்த அம்மாள் வற்புறுத்தி வாங்கிய தேக்கு அலமாரி. அதையும் பிறகு செப்பனிட்டார்கள். வெள்ளம் வரும்போது வீட்டையே யந்திரத்தால் மேலே தூக்கிவிடலாமா என்று கூட நிபுணர்கள் ஆலோசித்தார்கள்.

ஐம்பது ஆண்டுகளாகக் கேட்காத ஒரு கேள்வி அதன் பிறகு எழுந்தது. இந்த வீட்டைப் பழையபடி வைத்திருக்கிறோம் என்கிறோமே, முதலில் குடியிருந்தவர் இருந்தபடி அது எந்த நாளில் இருந்தது என்பதே அது. 2020-ல் அறநிலையத்தார் மீஸின் நாற்காலிகளை வெளியே எடுத்துவிட்டு, பழைய புகைப்படங்களைப் பார்த்து, டாக்டர் பார்ன்ஸ்வர்த் வைத்திருந்த வகை மேஜை நாற்காலிகளை அவர் போட்டிருந்த இடங்களில் போட்டு ஒரு காட்சி நடத்தினார்கள். வயதான சில கட்டிடக் கலைஞர்களுக்கு அது அபசாரமாகத் தோன்றியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டோம். அதுவரையில் வெறுமனே பார்ன்ஸ்வர்த் வீடு என்று வழங்கி வந்ததை, 2021-ல் ‘ஈடித் பார்ன்ஸ்வர்த் வீடு’ என்று முழுப் பெயரிட்டு அழைக்கத் தொடங்கினார்கள். பார்க்க வருகிறவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு, அல்லது அதன் மேல் துணியுறை மாட்டிக்கொண்டு, உள்ளே போகிறார்கள். சாயங்காலம் கதவு சாத்தப்படுகிறது. இரவில் அங்கே யாரும் தங்குவதில்லை.